சிவப்புக் கிளிப் ஒயர்

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். மகளோ அவருடைய அறையில், ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் திருப்பிவைத்து அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வந்துட்டிருக்காங்க. இப்பப் போய் இதை நோண்டிட்டு இருக்கியே!" என்றான் அண்ணன்.

"இதோ வரேண்ணா."

இதயத்தின் சன்னமான துடிப்பை இரைச்சல் கலக்காமல் பெரிதாக்கும் பெட்டி அது. அவளே வடிவமைத்தது. மார்பில் ஒட்டும் பக்கத்துக்கும் கரண்ட் வரும் பக்கத்துக்கும் ஒட்டும் கூடாது, உறவும் கூடாது; சேர்ந்தால் கரண்ட் உடம்புக்குள் கசியலாம். காலமெல்லாம் வால்வு ரேடியோக்களோடு வாழ்ந்து, இப்போது இதய நோயில் படுத்திருந்த அப்பா, "டிரான்சிஸ்டர்காரி பெட்டி கொசு மாதிரி பாடுதே" என்று நேற்று சீண்டினார். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இரைச்சல் எங்கே என்று தேட, இரண்டு பக்கத்து எர்த்தையும் ஒரு சிவப்புக் கிளிப் ஒயரால் இணைத்தாள். சோதிக்கும்போது மட்டும் செய்கிற வேலை அது. கடைசியில் பார்த்தால், உள்ளே வேறொரு ஒயர் விட்டுப்போயிருந்தது. அதை ஈயத்தால் பற்றவைத்ததும் இரைச்சல் அடங்கியது. அந்தக் குஷியில் கிளிப்பைக் கழற்றிய ஞாபகமே இல்லை.

இன்று காலை பெட்டியை அவர் மார்பில் மாட்டினாள். மதியத்துக்குள் போய்விட்டார். இதயம் தானாக ஓய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. கரண்ட் கசிந்து, நானே கொன்றுவிட்டேனா?

இப்போது ஒயரைக் காணோம். அம்மா உள்ளே வந்தாள்.

"அம்மா, இதுல ஒரு சிவப்பு ஒயர் இருந்துச்சே, யார் எடுத்தது?"

"அப்பாதான். காலையில நீ குளிக்கப் போனப்ப."

"அவருக்கு மாட்டறதுக்கு முன்னாடியா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா!"

"குளிச்சுட்டு வந்துதானேடி மாட்டினே? தலைமாட்டுலதானே பெட்டி இருந்துச்சு, அவரே கையை நீட்டிக் கழட்டினாரு. 'உன் பொண்ணு கோட்டை விட்டுட்டா. அவகிட்ட மூச்சு விடாதே, ரோஷக்காரி, பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவா'ன்னு ஒரே சிரிப்பு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். செத்த வீட்டில் இவ்வளவு நிம்மதியா என்று வெட்கமாகக்கூட இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தன.

"அந்த ஒயர் எங்கேம்மா?"

அம்மா ஜன்னலைக் காட்டினாள். "வெயில் கண்ணைக் கூசுதுன்னாரு. அதையே மாட்டச் சொன்னாரு."

திரையின் இரண்டு பாதிகளையும் கிளிப் கவ்வியிருந்தது. மறுமுனை சும்மா தொங்கியது. கழற்றப் போனவள், கையை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனாள். காலிக் கட்டிலில் தலையணை மேல் மட்டும் வெயில் விழவில்லை.