தூக்கம்பட்டி

"உனக்கு ஒரு பேர் வெச்சிக்கம்மா," என்றார் தீர்த்தகிரி அண்ணன். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவர் அந்த வருடம்தான் பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார். திரையில் இருந்தது, வெளிநாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசும் இடமாம். உள்ளே போகப் பேர் வேண்டும். சொந்தப் பேரை மட்டும் கொடுத்துவிடாதே என்று அவரே பயமுறுத்தினார்.

ஊர் உலகத்தோடு பேச எனக்கு ஆசையில்லை. என் சிநேகிதி தில்ஷாத் கிடைத்தால் போதும். கல்யாணமாகி மஸ்கட் போனவள். மூன்று வருடத்துக்கு முன் நான் போட்ட கடிதம், ஆள் இல்லையென்று திரும்பி வந்தது. பாவி, வீடு மாறினால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா? அவளை நினைத்தாலே கோபமும் அழுகையும் சேர்ந்து வரும்.

எப்போதாவது அவள் இங்கே எட்டிப் பார்த்தால், பேரைப் படித்ததும் நான்தான் என்று தெரிய வேண்டும். வேறு யாருக்கும் தெரியக் கூடாது. அப்படி ஒரு பேர் எங்களிடம் இருந்தது.

கல்யாணத்துக்கு முன் நானும் அவளும் ராயக்கோட்டையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போவோம். மார்கழிப் பனியில் ஜன்னல் கண்ணாடி வெள்ளையாகிவிடும். பாதித் தூக்கத்தில் தில்ஷாத் சொல்வாள், "ராஜாத்தி, இன்னிக்கு பஸ்ஸு கம்பெனிகிட்ட நிக்காதுடி. நேரா தூக்கம்பட்டி போவுது." அங்கே சங்கு ஊதாது. சூப்பர்வைசர் கிடையாது. தக்காளிச் செடி வாசற்படி வரை வந்து நிற்கும். மேகம் தெருவில் மாடு மாதிரிப் படுத்திருக்கும், சுற்றிக்கொண்டு போக வேண்டும். பின் சீட்டு அக்காக்களுக்குப் புரியாதபடி அந்தப் பேரை அவள் இங்கிலீஷ் எழுத்தில் கண்ணாடியில் எழுதுவாள். கம்பெனி கேட் வரும்வரை நாங்கள் அங்கேதான் குடியிருந்தோம்.

அதே எழுத்துக்களை ஒற்றை விரலால் தட்டினேன். கம்ப்யூட்டர் வெகுநேரம் யோசித்தது. பிறகு சிவப்பில் ஏதோ ஒரு வரி வந்தது.

அண்ணன் குனிந்து படித்தார். "இந்தப் பேர யாரோ முன்னாடியே எடுத்துட்டாங்கம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எவண்ணா அது, எங்க பேர எடுத்தவன்?"

"இதுக்குப் போயி கோவிச்சிக்கிறியே! பின்னாடி ஒரு நம்பர் சேத்துக்க, குடுத்துடும்."

நம்பர் மேல் விரலை வைத்தேன். வைத்த விரல் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பேரை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். திரையில் எழுத்தெல்லாம் கலங்கிப் போனது.

"என்னம்மா, நம்பர் போட்டியா?"

"நம்பர் வேணாண்ணா," என்றேன். "அந்தப் பேர்ல இருக்கறவளுக்கு எப்படி எழுதறதுன்னு சொல்லுங்க."