ஒட்டுப்போடாத ஆல்பம்

ஆல்பத்தின் எல்லாப் பாட்டையும் குழுவின் மூன்று பெண்களும் ஒரே அறையில் நின்று சேர்ந்தே வாசிக்க வேண்டும், பிறகு தனியாக வாசித்து ஒட்டுப்போடும் வேலையே கூடாது என்று சட்டம் போட்டவள் அண்ணிதான். பங்க் ராக் மாதிரி முரட்டு இசை என்றால் விழுந்தாலும் கூட்டாகத்தான் விழ வேண்டும் என்று வாய் கிழியப் பேசியிருந்தாள். கடைசிப் பாட்டில் அந்தச் சட்டம் அவள் கழுத்துக்கே வந்து நின்றது.

பாட்டை எழுதிப் பாடியவள் நாத்தனார். புகார்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை அவளுக்கு. யாரோ செய்த தப்புக்கெல்லாம் பகல் முழுக்க மன்னிப்புக் கேட்பாள். வீட்டில் நாற்காலியை இடித்துக்கொண்டால் நாற்காலியிடமும் கேட்பாள். இனி யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று அலறுவதுதான் பாட்டே. ஒத்திகையில் அலறத்தான் செய்தாள். பதிவின்போது என்ன தோன்றியதோ, கடைசிச் சரணத்தில் குரலைச் சட்டென்று தாழ்த்தி, அந்த வேலைக் குரலிலேயே, "மன்னிக்கணும்ங்க" என்றாள். திரும்பத் திரும்பச் சொன்னாள், ஒவ்வொரு முறையும் இன்னும் பணிவாக. அப்புறம் அலறல் வெடித்தபோது, தன் பேஸ் கிட்டார் மேலிருந்த விரல்கள் எப்போது நின்றன என்றே அண்ணிக்குத் தெரியவில்லை.

டிரம்ஸ் வாசிப்பவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். "நாள் பூரா பிரேக் மேலயே கால வச்சிருக்கேன். இங்கயாவது நிம்மதியா போலாம்னா, நீங்க பிரேக் போட்டுட்டீங்களே," என்றாள் அண்ணியிடம்.

மறுபடி வாசிக்க வழியில்லை. நாத்தனாருக்குத் தொண்டை போய்விட்டது, காற்றுதான் வந்தது. டிரம்ஸ்காரி அவளை வெந்நீர் குடிக்க அழைத்துப் போனாள்.

ஒலிப்பதிவு செய்யும் பையன் மெதுவாக ஆரம்பித்தான். "அக்கா, நீங்க மட்டும் உள்ள போய் அந்த எடத்த வாசிச்சிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள சேத்துடறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அண்ணி என்பதால்தான் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிபவர்கள் இருந்தார்கள். அந்த ஓட்டையைக் கேட்டால் அவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும். அதைவிட, நாத்தனாரின் இப்படியொரு பாட்டைத் தன் கையாலாகாத்தனம் கெடுத்துவிட்டதே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. உள்ளே போனாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தாள்.

வெளியே வந்து அவனோடு சேர்ந்து கேட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அந்தப் பணிவுக் குரலுக்குக் கீழே பேஸ் வந்து உட்கார்ந்ததும், யாரோ தோளில் கைவைத்துத் தேற்றுவது போலாகிவிட்டது. சற்று முன், பேஸ் இல்லாதபோது, பாட்டிலிருந்த அந்தப் பெண் தன்னந்தனியாக நின்றிருந்தாள். எத்தனை பேர் முன்னால் தானும் அப்படிக் குழைந்து நின்றிருக்கிறோம் என்று அண்ணிக்கு உறைத்தது. அப்போதெல்லாம் தேற்ற எந்தக் கை வந்தது? இவளோ அந்தத் தனிமையில் நின்றபடியே அலறலுக்கு ஏறியிருக்கிறாள். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்.

"நான் வாசிச்சத எடுத்துடு தம்பி."

"கேக்கறவங்க நீங்க தப்பு விட்டுட்டீங்கன்னுதான் சொல்வாங்க."

"விட்டதுதானே? அவ அப்படிப் பாடுனா யாருக்குக் கை ஓடும்?"

அவன் அழித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு இன்னொரு முறை போடச் சொல்லி, இந்தத் தடவை வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாள்.