பத்திரமாக வைத்த மருந்து

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டீச்சருக்குப் பதினொரு வயதிலிருந்தே இன்சுலின் ஊசிதான் துணை. தன் சர்க்கரையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஆனால் குழந்தைக்கு ஏழு வாரமானபோது உதவிக்கென்று வந்திறங்கிய நாத்தனாருக்கு அவளைவிட அதிகம் தெரிந்திருந்தது.

நாத்தனார் ஓர் அலுவலகத்தில் கோப்புப் பிரிவுக்குத் தலைவி. வந்த அன்றே ஃப்ரிட்ஜைக் காலிசெய்து, தட்டுத் தட்டாகப் பிரித்து, பேப்பர் வெட்டித் தலைப்பு ஒட்டிவிட்டார். அதைக் கணவன் போட்டோ எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினான்.

டீச்சரின் பாடு வேறு. கர்ப்பத்தில் ஏறிக்கொண்டே போன மருந்தின் அளவு, பிரசவம் ஆனதும் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. பால் கொடுத்து முடிப்பதற்குள் சர்க்கரை சரிந்து கை நடுங்கும். அதனால் பக்கத்திலேயே ஜூஸ் பாக்கெட் வைத்திருப்பாள். அவள் உறிஞ்சும்போதெல்லாம் நாத்தனார் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி பார்ப்பார்.

"சர்க்கரை வியாதிக்கு ஜூஸா?"

"இறங்கிடுச்சு அண்ணி. ஏத்தணும்."

"இறங்கினா நல்லதுதானே."

இதற்கு மேல் பேசினால் வாய்தான் வலிக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஊசிப் பேனாவில் மருந்து தீர்ந்தது. மடியில் குழந்தை. "அண்ணி, புதுக் குப்பி ஒண்ணு எடுத்துத் தாங்க," என்றாள். கொஞ்சம் தாமதமாக வந்தது. போட்டுக்கொண்டாள். மதியம் சர்க்கரை 290. குப்பியில் கோளாறோ என்று இன்னொன்று கேட்டு வாங்கிப் போட்டாள். மாலை 350. மறுநாள் காலை 420. நாக்கு வறண்டு, குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாக வெளியே வந்தது.

நாத்தனாரிடம் தீர்ப்பு தயாராக இருந்தது. "ஞாயித்துக்கிழமை வந்தவங்க கொண்டுவந்த கேக்குல ஒரு துண்டு தின்னா. என் கண்ணால பாத்தேன்."

"ஒரு துண்டுதானேக்கா," என்றான் கணவன். மனைவிக்காக அவன் வாதாடியது அத்தோடு முடிந்தது.

குழந்தையை அவனிடம் விட்டுவிட்டு, டாக்டரிடம் தான் பேசினால்தான் சரிவரும் என்று நாத்தனாரே ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தார். டிரிப்ஸ் ஏற்றிய நர்ஸ் கேட்டாள். "இன்சுலின எங்க வச்சிருந்தீங்க?"

டீச்சர் வாய் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார். "ஃப்ரீசர்ல. குழந்தைக்குப் பிழிஞ்சு வச்ச தாய்ப்பால் பக்கத்துலயே, பத்திரமா. நான்தான் மாத்தி வச்சேன். கேட்டப்பல்லாம் வெந்நீர்ல காட்டி இளக்கிக் குடுத்தேன்."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள். "உறைஞ்சா அது வேலை செய்யாதும்மா. அத்தனையையும் தூக்கிப் போடுங்க."

"பாலே கெடல, மருந்து கெட்டுடுமா?"

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே. பால் கட்டி, மார்பு கல்லாகக் கனத்தது.

இரண்டு நாளில் வீடு திரும்பினாள். கூடத்தில் நாத்தனார் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "நான் மட்டும் இல்லேன்னா அன்னிக்கு ஆளே இல்ல சித்தி. வாயக் கட்டத் தெரியல..."

டீச்சர் குழந்தையைக் கணவன் கையில் கொடுத்தாள். "அண்ணி, போன இப்படிக் குடுங்க." சுவரை நோக்கிக் காரை விடும் மாணவர்களிடம் பேசும் அதே நிதானமான குரல். நாத்தனார் தன்னையறியாமல் கொடுத்துவிட்டார்.

"சித்தி, நான் பேசறேன். என் மருந்த அண்ணி ஃப்ரீசர்ல உறைய வச்சுட்டாங்க. அதான் ஆஸ்பத்திரியில கிடந்தேன். கேக்கு நல்லாத்தான் இருந்துச்சு, அதுக்கான ஊசிய அன்னிக்கே போட்டாச்சு."

"ஃப்ரீசர்லயா?" என்று சித்தி கேட்டது கூடம் முழுக்கக் கேட்டது.

மறுநாள் காலை நாத்தனாருக்கு லீவு தீர்ந்துபோயிற்று.

பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு வந்த கணவன் மெல்லக் கேட்டான். "அக்கா மனசு கஷ்டப்பட்டிருக்கும்ல?"

"பட்டிருக்கும். இங்க வந்து உக்காருங்க. சர்க்கரை பாக்கக் கத்துத் தரேன்."

முதல் பாடத்துக்கு அவன் விரலையே குத்தினாள். முகம் கோணிப்போயிற்று.

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"இப்போ எட்டு."

பதினொரு வயதிலிருந்து எத்தனை குத்து என்று அவன் மனதுக்குள் பெருக்க ஆரம்பித்தான். பாதியிலேயே விட்டுவிட்டு விரலைச் சூப்பிக்கொண்டான்.