எலி மருந்து அடித்த சனிக்கிழமை

வீடியோ கேம் விமர்சனம் எழுத வாய்ப்புக் கேட்டு நான் அனுப்பிய கடிதம் எதற்கும் பதில் வந்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை பெல்கிரேடிலிருந்து வந்தது. ஓர் இணைய இதழின் ஆசிரியர் கோர்தானா எழுதியிருந்தார். வழக்கமாக எழுதுபவருக்குக் காய்ச்சல். விளையாட்டு இன்னும் வெளியாகவில்லை. ஞாயிறு மாலைக்குள் கட்டுரை வேண்டும். திங்கள் காலைவரை வேறு யாரும் அதைப் பார்க்கக் கூடாது. முடியுமா?

முடியும் என்று எழுதிவிட்டேன். என் மடிக்கணினியில் அது திறக்கக்கூட இல்லை.

எங்கள் தெருமுனையில் ரதோசாவின் கேம் சென்டர் இருந்தது. எங்கள் நீஷ் நகரில் அவரிடம் இருந்த கணினிகளைவிட நல்லவை வேறெங்கும் இல்லை. போய்ச் சொன்னேன்.

"யாரும் பாக்கக் கூடாதா? நாளைக்குச் சனிக்கிழமைம்மா. பசங்க தோள்மேல ஏறி நின்னு பாப்பானுங்க."

"தெரியும் அண்ணே. இத விட்டா அவங்க மறுபடி கேக்க மாட்டாங்க."

அவர் மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

மறுநாள் கதவில் அட்டை தொங்கியது: 'எலி மருந்து அடித்திருக்கிறது. இன்று விடுமுறை.'

உள்ளே ஒரு கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சூடான புரெக் பலகாரம், தயிர். ரதோசாவ் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"நீங்க பாத்தா பரவால்ல அண்ணே."

"யாரும்னா நானும்தானே?"

மதியத்துக்குள் பையன்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஊரோஷ் என்பவன் கதவுக் கண்ணாடியைத் தட்டினான்.

"அண்ணே, உள்ள துப்பாக்கிச் சத்தம் கேக்குது! எலிய சுடுறீங்களா?"

"போடா. மருந்து மூக்குல ஏறிடும்."

"எலி எத்தனாவது லெவல்ல இருக்கு?"

ரதோசாவின் முதுகு குலுங்கியது. திரும்பவில்லை. சாயங்காலம் ஒரே ஒரு முறை கேட்டார்.

"நல்லா இருக்கா?"

"சொல்லக் கூடாது அண்ணே."

"சரி, சரி."

விளையாட்டு சுமார்தான். ஞாயிறன்று வீட்டில் எழுதினேன். மதிப்பெண்ணைக் கூட்டிப் போடலாமா என்று யோசித்தபோது அந்த முதுகு நினைவுக்கு வந்தது. பத்துக்கு ஆறு போட்டு அனுப்பினேன்.

திங்களன்று கேம் சென்டரில் எல்லாத் திரைகளிலும் என் கட்டுரை இருந்தது. மேலே என் பெயர்: நெவெனா இலிச். ரதோசாவ் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார்.

"ஆறா? ஒரு ஆறுக்காகவா என் கடைக்கு எலி வந்துச்சு?"

பையன்கள் கூச்சலிட்டார்கள். "கேம் சுமார்தான் அண்ணே" என்றேன்.

"சரிம்மா, விடு. ஆறுன்னா ஆறுதான். அந்த ஆசிரியரம்மா என்ன சொன்னாங்க?"

"இன்னொண்ணு தர்றாங்க. வர்ற சனிக்கிழமை."

அவர் மேசைக்கு அடியிலிருந்து அந்த அட்டையை எடுத்துத் தூசி தட்டினார்.

"ஒரே மருந்துல எந்த எலிடா செத்துச்சு?" என்றார் ஊரோஷைப் பார்த்து.