இடது பக்கக் கண்ணாடி

சந்திரகலாவின் பிக்கப் வண்டியில் பின்னால் பார்ப்பதற்கு மூன்று ஏற்பாடுகள் இருந்தன. வலது பக்கம் ஒரு கண்ணாடி, இடது பக்கம் ஒரு கண்ணாடி, இடது இருக்கையில் அவள் புருஷன் குப்புராஜ். மூன்றில் அவள் அதிகம் நம்பியது குப்புராஜைத்தான்.

வண்டி முதலில் அவன் ஓட்டியதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி ஏற்றிப் போய்க்கொண்டிருந்தவன், ஒரு நாள் லோடு இறக்கும்போது வழுக்கி விழுந்து இடது முட்டியைச் சிதைத்துக்கொண்டான். எலும்பு கூடிவிட்டது, ஆனால் முட்டி மடங்கவில்லை. மடங்காத காலை வைத்துக்கொண்டு கிளட்ச் மிதிக்க முடியாது. வண்டியை விற்றுவிடலாம் என்று அவன் சொன்னபோது, அதுவரை பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சந்திரகலா, "எனக்குச் சொல்லிக் குடு, நான் ஓட்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிப்காட்டின் காலிச் சாலைகளில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். கத்தினான், கெஞ்சினான், ஒரு முறை கோபித்துக்கொண்டு இறங்கி நொண்டியபடியே பாதித் தூரம் நடந்தும் போனான். அவள் வண்டியை மெதுவாக அவன் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய், "ஏறுய்யா, இப்ப நல்லாத்தான் ஓட்றேன்" என்று சொன்ன பிறகு ஏறிக்கொண்டான். இப்போது கவரைப்பேட்டையில் ஒரு சமையல்கூடத்திலிருந்து காலை நாஷ்டாவை ஏற்றி, சிப்காட் கம்பெனி கேன்டீன்களில் இறக்குவது அவர்கள் பிழைப்பு. இட்லிப் பெட்டி, பொங்கல் அண்டா, சாம்பார் கேன். கேன்டீன் வாசல் ஒவ்வொன்றுக்கும் ரிவர்ஸில்தான் போகவேண்டும்.

மற்ற மாதங்களில் தொந்தரவில்லை. மார்கழி பிறந்துவிட்டால் பாடுதான். ஏரிப்பக்கமிருந்து பனி இறங்கி ரோட்டை மூடிவிடும். முன்கண்ணாடிக்கு வைப்பர் உண்டு. பக்கக் கண்ணாடிகளுக்கு என்ன இருக்கிறது? கிளம்பும்போது துணியால் துடைத்தால் அடுத்த ஊர் வருவதற்குள் மறுபடி வெள்ளையாக வேர்த்துப்போகும். வலது கண்ணாடியை அவளே கை நீட்டித் துடைத்துக்கொள்வாள். இடது பக்கத்துக்குக் குப்புராஜ். ஜன்னலை இறக்கி, மப்ளர் சுற்றிய தலையைப் பனியில் நீட்டி, "வா... வா... லெப்ட்டு ஒட்ச்சி வா... ஸ்டாப்பு!" என்பான். அந்தக் குரல் இருக்கும்வரை அவள் கண்ணை மூடிக்கொண்டுகூட ரிவர்ஸ் எடுப்பாள்.

ஒரு விடிகாலை அந்தக் குரல் நின்றுபோனது. டயர் கம்பெனி கேன்டீனுக்கு முன்னால் அவள் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். "வா... வா..." என்றவன் திடீரென்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் அவளும் நிறுத்தவில்லை. பின்னால் 'கறக்' என்று ஒரு சத்தம். இறங்கி ஓடிப் பார்த்தால், வாட்ச்மேன் சடையப்பனின் சைக்கிள் பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது.

"ஆள் யாரும் இல்லமா, சைக்கிள்தான்" என்றார் சடையப்பன். பெரிய மனுஷன், கோபப்படக்கூட இல்லை. "அத்த உடு. உன் ஊட்டுக்காரரப் பாரு மொதல்ல."

குப்புராஜ் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான். இருமல் என்றால் சாதாரண இருமல் இல்லை, மூச்சு உள்ளே போகாமல் விசில் அடித்தது. "ஸ்டாப்பு" என்று சொல்ல வாயைத் திறந்தபோது நெஞ்சு அடைத்துவிட்டது. முகமெல்லாம் பனித்தண்ணீர். சந்திரகலா சைக்கிளை மறந்துவிட்டு அவன் முதுகை நீவினாள். கேன்டீனிலிருந்து சுடுதண்ணீர் வாங்கி வந்து கொடுத்தாள். அவன் மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை அவள் மூச்சும் சரியாக இல்லை.

அன்று திரும்பும்போதே பைபாஸ் ஓரத்தில் ஜெரால்டின் ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில் வண்டியை நிறுத்தினாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஜெரால்ட், "இதுக்கு சூடாவற கண்ணாடி கீதுக்கா" என்றான். "கண்ணாடிக்குப் பின்னால பேப்பர் மாதிரி ஒரு ஹீட்டர் ஷீட்டு ஒட்டணும். சுவிட்ச் போட்டா லேசா சூடாவும், பனி ஆவியாயி ஓடிப்பூடும். ஊட்டி மல ஏற்ற வண்டிக்கு ஒருத்தர் வாங்கிக்கினு போனாரு. இங்க எவனும் கேக்க மாட்டான்."

"எனக்கு ஒரு ஜோடி வேணும்."

குப்புராஜ் வண்டியிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். ஏறியதும், "நான் கீறப்ப கண்ணாடிக்கு இன்னாத்துக்குக் கரெண்ட்டு?" என்றான்.

"நீ பனில தலைய நீட்டாம கீறத்துக்குத்தான்."

"அப்ப நான் ஊட்லயே கெடன்னு சொல்றே."

"ஆமா. கொஞ்ச நாளு போத்திக்கினு படு. நெஞ்சு அடங்கட்டும்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஆனால் ஜெரால்டையோ வேறு யாரையோ வண்டியில் கைவைக்க விடுவதற்கு அவனுக்கு மனசு வரவில்லை. என் வண்டி, நானே மாட்டுகிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி, ஒரு ஸ்டூலைப் போட்டு, விறைத்த காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். கண்ணாடியைச் சுடுதண்ணீர்த் துணியால் ஒத்தி ஒத்திச் சூடாக்கி, கீறல் விழாமல் நெம்பி எடுத்தான். பின்பக்கம் ஹீட்டர் ஷீட்டை ஒரு குமிழி இல்லாமல் ஒட்டினான். கண்ணாடித் தண்டு வழியாக வயரை இறக்கி, கதவுக்குள் விட்டு, கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாயில் நுழைத்து உள்ளே கொண்டுவந்து, டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கனெக்டரில் சொருகினான். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சுவிட்ச். சந்திரகலா டீ கொண்டுவந்து கொடுத்தாள், டார்ச் பிடித்தாள், கீழே விழுந்த ஸ்குரூக்களைப் பொறுக்கினாள். கோபத்தில் ஆரம்பித்தவன் வேலை நடக்க நடக்க விசில் அடிக்கத் தொடங்கியதை அவள் கவனித்தாள். கவனித்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

சுவிட்ச் போட்ட உடனே பியூஸ் போனது. வயர் ஓரிடத்தில் தோல் உரிந்து பாடியில் பட்டுக்கொண்டிருந்தது. டேப் சுற்றி, வேறு பியூஸ் போட்டான். சிறிது நேரத்தில் இரண்டு கண்ணாடிகளும் வெதுவெதுப்பாயின. சந்திரகலா உள்ளங்கையை இடது கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா, காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி கீது!"

குப்புராஜ் சிரித்துவிட்டான்.

மறுநாள் அவனுக்குப் பொன்னேரி ஆஸ்பத்திரியில் நெஞ்சு காட்டவேண்டியிருந்தது. அவள் தனியாகப் போனாள். பனி நன்றாகவே இருந்தது. இரண்டு கண்ணாடியிலும் ஓரத்திலிருந்து பனி விலகி, பின்னால் வருகிற லாரியின் விளக்குகள் பளிச்சென்று தெரிந்தன. எல்லா வாசலிலும் யாரும் கத்தாமலேயே ரிவர்ஸ் எடுத்தாள். வீட்டுக்கு வந்து, "சோக்கா கீதுய்யா!" என்றாள்.

அடுத்த நாள் அவனும் கிளம்பினான். தன் வேலை எப்படி இருக்கிறது என்று தானே பார்க்கவேண்டுமாம். அன்று இடது கண்ணாடி சூடாகவில்லை. வலது பக்கம் தெளிவாக இருக்க, இடது பக்கம் வெள்ளைத் துணி போர்த்திய மாதிரி இருந்தது. குப்புராஜ் ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினான். வீட்டுக்கு வந்து, வெளியே நின்றபடியே பாதிக் கதவு வழியாகக் கையை விட்டு, டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த கனெக்டரைப் பிடுங்கி, துடைத்து, திரும்ப அழுத்தினான். கண்ணாடி சூடானது.

"பனி எறங்கி காண்டாக்ட்டு போய்க்கீது. இனிமே வராது."

அவன் வராத நாளில் கோளாறு வரவில்லை. அவன் வந்த நாளில் மறுபடி வந்தது. ஜெரால்ட் ஷீட்டைச் சோதித்துவிட்டு, பொருளில் குறை இல்லை என்றான். இப்படியே நடந்தது. அவள் தனியாகப் போனால் இரண்டும் சூடாகும். குப்புராஜ் ஏறினால் இடது பக்கம் செத்துவிடும். வீட்டுக்கு வந்து அவன் ஒரு அழுத்து அழுத்தினால் உயிர் வந்துவிடும்.

சந்திரகலாவின் மனசுக்குள் ஒரு சந்தேகம் புகுந்துகொண்டது. புகுந்ததை வெளியே தள்ளப் பார்த்தாள். முடியவில்லை. ஒரு நாள் காலை, இடது ஜன்னலை இறக்கி அவன் மப்ளரைச் சரிசெய்தபோது, அவன் முகத்தில் லேசான சந்தோஷம்கூடத் தெரிந்ததாக அவளுக்குத் தோன்றிவிட்டது.

"சூடாவ வெக்கவும் உனக்குத் தெரியுது, ஆவாம வெக்கவும் உனக்குத் தெரியுது, இல்ல?"

அவன் தலையை உள்ளே இழுத்தான். "இன்னா சொல்றே?"

"நான் தனியா போனா வேலை செய்யுது. நீ வந்தா செய்ய மாட்டேங்குது. அது இன்னாய்யா அது? நீயே வயர இஸ்து உட்றியா? இங்க குந்திக்கினு சளி புடிச்சி சாவணும்னு ஆசையா?"

குப்புராஜ் மப்ளரை இறுக்கிச் சுற்றிக்கொண்டான். அன்று முழுக்க ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் "வா", "ஸ்டாப்பு" என்றான். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போலக் கனெக்டரை ஒரு அழுத்து அழுத்திவிட்டு உள்ளே போனான். மறுநாள் விடிகாலை அவள் எழுப்பியபோது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "கண்ணாடி பாத்துக்கும், போ" என்றான்.

அவள் போனாள். கண்ணாடி இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்தன. கவரைப்பேட்டையிலிருந்து சிப்காட் வரை வண்டிக்குள் எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. பள்ளம் வந்தால் "பாத்து, பொங்கல் தளும்பும்" என்று சொல்ல ஆளில்லை. எதிரில் வருகிற டிரைவர்களைப் பற்றி வசனம் பேச ஆளில்லை. கேன்டீனில் சடையப்பன், "இன்னாமா, அவரக் காணோம்?" என்று கேட்டார். "ஒடம்பு செரியில்ல" என்று பொய் சொல்லிவிட்டு, தன் டீயை முழுசாகக் குடிக்காமல் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. வண்டி நின்றதும் குப்புராஜ் டூல்ஸ் பையோடு வெளியே வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எஞ்சின ஆப் பண்ணாத. சுவிட்ச்ச போடு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துர்றேன். நான் இஸ்து உட்டேனா, இல்ல வண்டியே அப்டித்தானான்னு தெரிஞ்சிட்ணும்."

கதவைக் கொஞ்சமாகத் திறந்து, இடது கண்ணாடியை நெம்பி எடுத்து, ஷீட்டுக்குப் போகிற வயர்களில் ஒரு சின்ன பல்பை மாட்டினான். கரண்ட் வந்தால் எரியும், வராவிட்டால் அணையும். பல்பு நன்றாகவே எரிந்தது. கதவை ஆட்டினான். எரிந்தது. கண்ணாடித் தண்டைத் தட்டினான். எரிந்தது.

"பாத்தியா? நல்லாத்தான் கீது."

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் சந்திரகலா.

"உள்ள கனெக்டரப் பாக்கறேன், நீ பல்பப் பாத்துக்கினே இரு."

அவன் இருக்கையில் ஏறப்போனான். மடங்காத கால் என்பதால் மற்றவர்களைப் போலச் சட்டென்று ஏற முடியாது. கதவை அது போகிற கடைசிவரை தள்ளித் திறந்து, முதலில் இடுப்பை வைத்து, பிறகு காலை இரண்டு கைகளாலும் தூக்கி, அகலமாக ஒரு வளைவு வளைத்து உள்ளே வைக்கவேண்டும். தினமும் பார்த்துப் பார்த்து அவள் பார்க்காமலே விட்டுவிட்ட காரியம் அது. அவன் கதவைக் கடைசிவரை தள்ளினான். பல்பு அணைந்தது.

"யோவ், நில்லு! அசையாத!"

அவள் கதவைப் பாதிக்குத் தள்ளினாள். பல்பு எரியவில்லை. குனிந்து உள்ளே இருந்த கனெக்டரை விரலால் அழுத்தினாள். எரிந்தது. கதவை மெல்ல மெல்லத் திறந்தாள். பாதிவரை எரிந்தது. அதற்கு மேல் ரப்பர் குழாய்க்குள் வயர் விறைத்து இழுத்துக்கொண்டு வருவது கண்ணுக்கே தெரிந்தது. முழுசாகத் திறந்ததும் கனெக்டர் நூலளவு நழுவியது. பல்பு அணைந்தது.

"வயரு பத்தலய்யா" என்றாள். "கதவ பாதி தெறந்தா போதும்னு அளந்து உட்டுக்கீறே. இந்தக் கதவ முழுசா தெறக்கறது இந்த ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்."

குப்புராஜ் தன் காலைப் பார்த்தான். பிறகு வயரைப் பார்த்தான். "சே, மொழம் வயரு மிச்சம் புடிச்சேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

சந்திரகலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நின்று, தரையில் உட்கார்ந்து, அவனுடைய விறைத்த முட்டியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தன் வாயால் சொன்னதெல்லாம் அவளுக்கு இப்போதுதான் காதில் கேட்டது.

"தெரியாம சொல்ட்டேன்யா."

"சொன்னா இன்னா இப்போ?" என்று அவன் அவள் தலைமயிரில் ஒட்டியிருந்த வயர்த் துணுக்கை எடுத்துப் போட்டான். "ஆனா ஒண்ணு. இஸ்து உட்ணும்னு ஒரு தபா நெனச்சேன். அத்தயும் சொல்லிட்றேன். நெனச்சதோட சரி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்?"

"நீ தனியா போய் வந்து 'சோக்கா கீது'ன்னு சொன்னியே, அன்னிக்கு."

கழற்றி வைத்த கண்ணாடியை அவள் திரும்பிப் பார்த்தாள். "கண்ணாடி பின்னாடி வர்றவனத்தான் காட்டுது" என்றாள். "அதுங்கிட்ட நான் இன்னாத்தப் பேசறது? இன்னிக்கு வாயே தெறக்காம வந்தேன், பேஜாராப்போச்சு. நீ ஜன்னல ஏத்திக்கினு, போத்திக்கினு வா. அது போதும்."

இருவரும் சேர்ந்து வயரை நீளமாக்கினார்கள். அவன் முறுக்கி ஈயம் வைத்தான், அவள் ரப்பர் குழாய்க்குள் வயரைத் தளர்வாகச் சுருட்டித் தள்ளினாள். கதவைக் கடைசிவரை திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார்கள். பல்பு அசையாமல் எரிந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் இறங்கிய பனியில் ரோட்டின் வெள்ளைக் கோடுகூட மறைந்துபோனது. குப்புராஜ் ஜன்னலை ஏற்றிவிட்டு, அவளுடைய பழைய சால்வையைப் போர்த்திக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் குழம்பு எப்படித் தீய்ந்தது என்பதை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தான். டயர் கம்பெனி வாசலில் அவள் ரிவர்ஸ் கியர் போட்டதும் பேச்சை நிறுத்தினான். கண்ணாடியில் சுவர், கதவு, தள்ளி நிறுத்தியிருந்த சைக்கிள் எல்லாம் துடைத்து வைத்த மாதிரி தெரிந்தன. அவன் கை தன்னால் ஜன்னல் கைப்பிடிக்குப் போனது, பிறகு தானே மடிக்கு வந்தது. அவள் நிறுத்திய பிறகு, ரொம்ப மெதுவாக, "ஸ்டாப்பு" என்றான்.

திரும்பி வரும்போது குழம்புக் கதையின் நடுவிலேயே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனான். மூச்சு சீராக இருந்தது. சந்திரகலா சால்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டு, பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து வண்டியை ஓட்டினாள்.