பாப்பாவின் அறைக்குப் பத்து நாள்

புது வாடகை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பாப்பாவுக்கு இழுப்பு கண்டது. டாக்டர் அவள் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் புதிதாக என்னென்ன வந்தன என்று விசாரித்தார். கட்டில், துணி அலமாரி, ஜன்னல் திரை என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாம் ஆசை ஆசையாய் வாங்கியவை. கட்டிலும் அலமாரியும் மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. பக்கத்தில் போனாலே கண் கரிக்கும்.

"அந்தப் பசை நெடிதான் குழந்தைக்கு ஒத்துக்கல. அது இருக்கற வரைக்கும் அங்க படுக்க வைக்காதீங்க," என்றார் டாக்டர்.

ஏழு வயதுப் பெண்ணை அன்றே என் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினோம். ஐந்து மணி நேர பஸ் பயணம். போன மறுநாளே இழுப்பு நின்றது. எனக்கு நிம்மதி. நாத்தனாருக்கோ வேறு யோசனை.

"ஏம்மா, ஸ்கூல் திறக்க இருபது நாள்தான் இருக்கு. பேசாம இங்கயே சேர்த்துடறேன். புள்ள நல்லா மூச்சு விடறா, எனக்கும் பேச்சுத்துணை," என்றார் போனில்.

"அண்ணி, எனக்குப் பத்து நாள் குடுங்க."

"குடுத்தா?"

"ரூம் ரெடியாயிடும். ஆகலைன்னா நானே வந்து அங்க சேர்த்துட்டு வர்றேன்."

சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அறை தயாராகாவிட்டால்? வருஷம் முழுக்க அவளைப் பார்க்க லீவு நாளுக்குக் காத்திருக்க வேண்டுமா?

கட்டிலையும் அலமாரியையும் கடைக்கே திருப்பி ஏற்றிவிட்டேன். திரையையும் கழற்றினேன். இனி என் மூக்கு சம்மதிக்காத எதுவும் அந்த அறைக்குள் நுழையாது என்று முடிவு செய்தேன். அதற்கொரு வழியும் வைத்துக்கொண்டேன். கடைக்குக் கடை ஒரு சின்ன மரத்துண்டு கேட்டு வாங்குவது. வெந்நீரில் கழுவிக் காயவைத்த கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடுவது. வெயில் விழும் ஜன்னலில் மூன்று நாள் வைத்துவிட்டுத் திறந்து முகர்வது.

பழைய சாமான் கடையில் முப்பது வருஷத்துக் கட்டில் ஒன்று இருந்தது. முழு மரம், மேல்பூச்சு எல்லாம் உதிர்ந்து நின்றது. அடிச்சட்டத்திலிருந்து ஒரு சில்லு கேட்டேன்.

"கட்டில் வாங்க வர்றவங்க உக்காந்து பாப்பாங்க, படுத்துப் பாப்பாங்க. நீங்கதாம்மா சதையைக் கிள்ளிட்டுப் போறீங்க," என்றார் கடைக்காரர். ஆனாலும் செதுக்கிக் கொடுத்தார்.

ஜன்னலில் ஏழு பாட்டில் சேர்ந்தது. "லேபுன்னு வாசல்ல போர்டு ஒண்ணுதான் பாக்கி," என்றார் என் வீட்டுக்காரர்.

பாட்டில்கள் வெயில் காய்ந்த நாட்களில் திரைக்கும் விளக்குக்கும் அலைந்தேன். துணிக்கடைக்காரர் பளபளவென்று ஒன்றை விரித்து, "இது ஈக்கோ, மேடம். இலைப் படம் போட்டிருக்கு பாருங்க," என்றார்.

"இலை இருக்கட்டும். நூல் என்ன நூல்?"

அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அதைப் போடலையே."

கடைசித் தட்டில் யாரும் சீந்தாமல் கிடந்த, சாயம் ஏறாத பருத்தித் துணியை எடுத்துக்கொண்டேன். வாராவாரம் துவைத்தாலும் தாங்கும். விளக்கிலும் அப்படித்தான். பல்பு போனால் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டிய மாடலை ஒதுக்கினேன். பல்பை மட்டும் மாற்றிக்கொள்கிற, கரண்ட் அதிகம் குடிக்காத ஒன்றை வாங்கினேன்.

நாலாம் நாள் காலையில் பாட்டில்களைத் திறந்தேன். ஏழிலும் ஒரே காரமான நெடி! பழைய கட்டிலின் சில்லும் தப்பவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்து, கட்டில் வேண்டாம் என்றேன்.

"முப்பது வருஷமா காத்துல கிடக்குதும்மா அது. அதுல நெடி வருதுன்னா மூக்கைத்தான் டெஸ்ட் பண்ணணும்," என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஓரத்திலிருந்த எட்டாவது பாட்டிலைத் திறந்தார். அடுத்த கடைத் துண்டுக்காக எண் எழுதிய சீட்டை மட்டும் உள்ளே போட்டு மூடி வைத்திருந்தேன்.

"ஏய், இதுல மரமே இல்ல. அதே நாத்தம் அடிக்குது!"

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. எதைத் தொட்டாலும் முதலில் எண் போடு என்று பள்ளியில் டீச்சர் பழக்கிய பழக்கம். துண்டுகள் கலந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றின் முதுகிலும் அழியாத மார்க்கர் பேனாவால் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தேன். அந்தச் சீட்டிலும் அதே பேனாதான். மூன்று நாளாக நான் வெயிலில் வைத்துப் பார்த்தது மையைத்தான்.

"சிரிச்சு முடிச்சுட்டீங்கன்னா செருப்பைப் போடுங்க. கடை மூடறதுக்குள்ள போகணும்," என்றேன்.

கடைக்காரரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "இன்னொரு கிள்ளா?" என்று உளியை எடுத்தார். "தர்றேன். ஆனா கட்டிலை நிறுத்தி வைக்க மாட்டேன். வேற ஆள் வந்தா குடுத்துடுவேன்."

இந்தத் தடவை எண்ணைப் பென்சிலால், பாட்டிலுக்கு வெளியே கட்டிய சீட்டில் எழுதினேன். ஏழாம் நாள் திறந்தபோது காய்ந்த மரத்தின் வாசனை மட்டுமே இருந்தது. கடைக்கு ஓடினேன். வாசலில் ஓர் ஆள் வார்னிஷ் டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க! அந்த வாசனை பட்டா என் பொண்ணு இதுல படுக்க முடியாது."

"காலைல ஒருத்தர் பேசிட்டுப் போயிட்டார்மா. பாலிஷ் போட்டு வேணுமாம். வேண்டாம்னு ஒரு தடவை சொன்னவங்களை நம்பி நான் எப்படி வச்சிருக்க?"

"அவர் நம்பரைக் குடுங்க. நான் பேசறேன்."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தார். எதிர்முனையில் இருந்தவரிடம் பாப்பாவின் இழுப்பைச் சொன்னேன், பசையைச் சொன்னேன், மையையும் சொன்னேன். "உங்களுக்குப் பளபளப்புதானே வேணும்? பக்கத்துல ஏற்கெனவே பாலிஷ் போட்ட கட்டில் ஒண்ணு நிக்குது. இன்னைக்கே எடுத்துக்கலாம்," என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "போனைக் கடைக்காரர்கிட்ட குடுங்கம்மா. உங்களோட மல்லுக்கட்ட என்னால ஆகாது."

கட்டில் வந்தது. வாசலில் போட்டு உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தோம். துணி அலமாரிக்குப் பதில் அதே கடையில் வாங்கிய பழைய மர அடுக்கு. மெத்தைக்கு நெருக்கமாய் நெய்த பருத்தி உறை. மூன்று தடவை அலசிய திரை.

பத்தாம் நாள் நாத்தனாரே பாப்பாவைக் கூட்டி வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்து, "என்னம்மா இது, காலி பண்ணிட்டுப் போன வீடு மாதிரி இருக்கு?" என்றார்.

"எனக்குப் பிடிச்சிருக்கு அத்தை. ஓடலாம்," என்றாள் பாப்பா. ஓடினாள், களைத்தாள், மத்தியானமே கட்டிலில் சாய்ந்து தூங்கிப்போனாள். நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளை வச்சு நான் ஒத்துக்க மாட்டேன்."

"நீங்களே இருந்து பாருங்க அண்ணி. எத்தனை நாள் வேணும்னாலும்."

மூன்று ராத்திரி இருந்தார். ஒரு ராத்திரி கூட இழுப்பு வரவில்லை. நாலாம் நாள் காலையில் தலையை முடிந்துகொண்டே, "இங்க யூனிஃபார்ம் நல்லா தைக்கறவங்க யாரு?" என்று கேட்டார்.

"ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க. தைச்சு வந்ததும் ரெண்டு தடவை துவைச்சுட்டுத்தான் போடணும், அண்ணி."

"மூணு தடவை துவைக்கலாம், வா," என்று பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.