ஒரு மீட்டருக்குக் கீழே இலவசம்

மார்ச் ஒன்பதாம் தேதி மாலை ஆறேகாலுக்கு, பாக் ஹுவாய் ஊரின் மேகாங் ஆற்றோரச் சாலையில் உள்ள மூகதாக் கடை வாசலில், லாரி ஓட்டும் கேன் என்பவனின் உயரம் தொண்ணூற்றாறு சென்டிமீட்டராக இருந்தது. அன்று காலை அவன் ஒரு மீட்டர் எழுபத்திரண்டு. பெரியவர்களுக்கு நூற்று எழுபத்தொன்பது பாட், ஒரு மீட்டருக்குக் கீழே இலவசம் என்று கடைப் பலகையில் எழுதியிருந்ததால், அவனிடம் காசு வாங்கவில்லை.

அந்த ஊரில் மலிவாக மூகதா சாப்பிட மூன்று இடங்கள் இருந்தன. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒன்று. நூற்றுத் தொண்ணூற்றொன்பது பாட், இறைச்சியைவிட ஐஸ் அதிகம். கோயில் வளைவில் ஒன்று; இருநூற்று முப்பத்தொன்பது, இறாலும் பாட்டுக் கச்சேரியும் உண்டு. மூன்றாவது சாய்பின்னுடையது. மூன்றிலும் சட்டி ஒரே வகைதான். நடுவில் குன்றுபோல் எழும்பிய தகட்டில் பன்றி இறைச்சி சுடப்படும், கொழுப்பு வழிந்து சுற்றியுள்ள அகழியில் இறங்கும், அகழியில் சூப்பும் கீரையும் கொதிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம். சாய்பின்னிடம் பதினான்கு மேசைகள் இருந்தன, நான்குதான் நிறையும். அவள் கணவன் உதோம் மணல் அள்ளும் படகில் வேலை பார்த்தவன். அதற்கு ஏழு கோடைக்கு முன் நடு ஆற்றில் படகு கவிழ்ந்தது. படகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. அவனுடைய சட்டையை வைத்துத்தான் கோயிலில் சடங்கு செய்தார்கள். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்தால் அவன் ஈரல் துண்டைத் தகட்டில் போட்டு, ஐந்து வரை எண்ணி, பாதி வெந்ததும் எடுத்துத் தின்பான். படகு கவிழ்ந்தபோது மகள் தாங்மோவுக்கு இரண்டு வயது. அந்த மார்ச்சில் ஒன்பது. தன் தட்டில் ஈரல் பட்டால்கூட எழுந்து போய்விடுவாள்.

வாசலில் குழந்தைகளை அளக்க மற்ற இரண்டு கடைகளிலும் சுவரில் கோடு கிழித்திருந்தார்கள். கோட்டைப் பற்றித் தாய்மார்கள் தினமும் சண்டை போட்டார்கள். அரசாங்க எண்ணோடு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று சாய்பின் நினைத்தாள். ஆற்றங்கரையில் தானாகவே நீர்மட்டம் சொல்லும் கருவியை வைத்துவிட்டு, அதுவரை ஆற்றை அளந்த எண் போட்ட தகடுகளைப் பிடுங்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தார்கள். அவற்றில் அடியிலிருந்த இரண்டை, பூஜ்யத்திலிருந்து இருநூறு வரை எண் போட்டவற்றை, அவள் வாங்கி வந்து வாசல் தூணில் அறைந்தாள். அது ஜூலை மாதம். மேகாங் அப்போது எட்டு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தகடு எட்டாத உயரத்தில் ஆறு இருந்தவரை அது குழந்தைகளை ஒழுங்காகத்தான் அளந்தது. கோடையில் ஆறு இரண்டு மீட்டருக்குக் கீழே இறங்கியபோது ஆற்றை அளக்கும் பழைய பழக்கம் அதற்குத் திரும்பிவிட்டது.

கேன் விளையாட்டுக்குத்தான் முதுகைத் தூணில் சாய்த்தான். "அக்கா, நானும் குழந்தப் பையன்தான், வேணும்னா அளந்து பாருங்க."

அவன் சட்டை கணுக்காலைத் தொட்டது. கூட வந்தவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "டேய், எங்கடா போய்ட்ட?"

"இங்கதாண்டா இருக்கேன். கீழ பாரு."

சாய்பின் கையிலிருந்த ஐஸ் வாளி விழுந்து, ஐஸ் சாலைவரை உருண்டது. இரண்டாம் மேசையில் உட்கார்ந்திருந்த தோங்பை, முப்பத்தொரு வருடம் தினமும் காலை ஏழு மணிக்கு அதே தகட்டைப் பார்த்து ஆற்றின் அளவை எழுதியவர், பீர் கிளாஸைக் கீழே வைத்தார். "தொண்ணூத்தாறு," என்றார். "இன்னைக்கு ஆறும் அதேதான்."

கேனை மூன்று ஸ்டூல்களை அடுக்கி உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தான். ஐந்தாவது தட்டில் வயிறு நிறைந்து, போதும் என்று கையைக் கழுவியபோது ஒரு மீட்டர் எழுபத்திரண்டு இருந்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். ஊர் நான்கு நாள் வாயடைத்துக் கிடந்தது. ஐந்தாம் நாள் வாசலில் வரிசை நின்றது. போலீஸ்காரர்கள், ஆசிரியைகள், அக்கரை லாவோஸிலிருந்து படகில் வந்த ஒரு கல்யாணக் கூட்டம், எல்லோரும் குட்டையாகி உள்ளே போய், தின்று, நெட்டையாகி வெளியே வந்தார்கள். சாப்பாடு இலவசமானாலும் பீருக்கும் ஐஸுக்கும் தனிக் காசு என்பதால் பதினான்கு மேசைகளும் லாபத்தில் ஓடின. பஸ் நிலையத்துக் கடை முதலாளி இதெல்லாம் மோசடி என்று சொல்லிக்கொண்டே வந்து, அளந்து பார்த்து, தொண்ணூற்றொன்றில் அழுதபடி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஆற்றில் ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் வந்தால் கூட்டம் பாதியாகிவிடும். எவ்வளவு இறைச்சி வெட்டுவது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதனால் தாங்மோ பள்ளியிலிருந்து நான்கு மணிக்கு வந்ததும், சாய்பின் அவளைத் தூணில் நிறுத்திப் பார்ப்பாள். எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு தட்டு சாசேஜ் கொடுத்தால், பெண் தன் நூற்று இருபத்தேழுக்குத் திரும்பி வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிடுவாள். தான் சம்பளம் வாங்கிப் பார்த்த வேலையை ஒரு சிறுமி செய்வது தோங்பைக்குப் பிடிக்கவில்லை.

"ஏம்மா, ஆத்த அளக்க புள்ளையவா நிறுத்துவ?"

"அண்ணே, பீர் சூடாகுது. குடிங்க."

ஏப்ரல் பதினேழாம் தேதி மேலே எங்கோ அணையின் மதகுகளை இறக்கி மூடினார்கள். யாருக்கும் தகவல் வரவில்லை. மதியத்துக்குள் ஆற்றின் நடுவில் மணல்மேடுகள் எழுந்தன, மீன்கள் குட்டைகளில் மாட்டிக்கொண்டன, ஊர்ச் சனம் வாளியோடு ஓடியது. சாய்பின் கடைக்குப் பின்னால் கரி மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. நான்கு மணிக்கு மகளைத் தூணில் நிறுத்தினாள்.

தாங்மோ எண்களின் வழியாக இறங்கினாள். தொண்ணூறு, ஐம்பது, இருபது. பதினொன்றில், "அம்மா, கூசுது" என்றாள். பிறகு தரையில் பள்ளிச் சீருடை மட்டும் கிடந்தது.

 பாவாடையைத் தூக்கப் போன சாய்பின், உதறிவிடுவோமோ என்ற பயத்தில் கையை இழுத்துக்கொண்டாள். மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்து, தரைக்கல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "யாரும் கால வைக்காதீங்க" என்றாள். கடையில் இறைச்சி வெட்டும் பெண் எடுத்த காலைக் கீழே வைக்காமல் மேசையைப் பிடித்து ஒரு மணி நேரம் நின்றாள். வந்த வாடிக்கையாளர்கள் சாலையின் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். கரையில் கருவி பூஜ்யம் காட்டுகிறது என்று யாரோ சொன்னார்கள்.

தோங்பை செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் உள்ளே வந்தார்.

"பூஜ்யம்ணே," என்றாள் சாய்பின். "எம்புள்ள ஒண்ணுமே இல்லாம போயிட்டா. நாந்தான் நிறுத்தினேன்."

"ஆறு வத்திப் போச்சா என்ன? எட்டிப் பாரு. ஓடிக்கிட்டுத்தான இருக்கு? பூஜ்யம்னா தண்ணி இல்லன்னு யாரு சொன்னா? தகடு அதுக்குக் கீழ பாக்காது, அவ்வளவுதான். முப்பத்தோரு வருசம் எழுதினவன் சொல்றேன். உன் மக அளவுக்குக் கீழ இருக்கா."

"எப்படி மேல கொண்டாறது?"

"மத்தவங்க எப்படி வந்தாங்க? தின்னுதான வந்தாங்க? அடுப்பப் பத்த வை."

ஆற்றுக்கு மிக அருகில் இருந்த பதினான்காம் மேசையில் கரி போட்டார்கள். எதிரே ஒரு ஸ்டூலை இழுத்து வைத்து, அதன் முன் தட்டு வைத்தாள் சாய்பின். கழுத்திறைச்சி சுட்டாள், கணவாய் சுட்டாள், மகளுக்குப் பிடித்த சாசேஜைக் குறுக்கே கீறிச் சுட்டாள். எல்லாம் தட்டில் ஆறிப்போயின. எதை எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுத்துப் போட்டதில் ஒரு ஈரல் துண்டும் தட்டுக்குப் போனது. திரும்பிப் பார்த்தபோது ஈரல் இல்லை, சாசேஜ் இருந்தது. பூனை என்று நினைத்தாள். இன்னொன்று போட்டுக் கண் இமைக்காமல் பார்த்திருந்தாள். துண்டு ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வந்து முடிந்துபோனது. மறுநாள் காலைக்குள் ஒரு பெரிய தட்டு ஈரல் தீர்ந்திருந்தது. வேறெதையும் யாரும் தொடவில்லை.

"அண்ணே, தாங்மோ ஈரல் தின்னமாட்டா."

தோங்பைக்கு அது தெரியும். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். 

சாய்பின் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. இரண்டாம் நாள் பகல் பதினோரு மணிக்கு ஒரு சாசேஜின் முனையில் எறும்பு கடித்த அளவு ஒரு பள்ளம் தெரிந்தது. சூப் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து கொசுவின் சத்தம்போல் ஒரு குரல் வந்தது.

"அம்மா, அந்த ஈரலத் தள்ளி வை. நாறுது."

இறைச்சி வெட்டும் பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சாய்பின் அழவில்லை, சாசேஜை அரிசி அளவுக்கு நறுக்கி நறுக்கி வைத்தாள். மதியம் தாங்மோ விரல் உயரம் இருந்தாள், கிண்ணத்து நிழலில் காகிதத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு முழங்கை அளவு. நான்கு மணிக்கு மேசைத் துணியைப் போர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்து ஏப்பம் விட்டாள். அப்போது அவள் நூற்று இருபத்தேழு. சாய்பின் அவள் முகத்தை, காதை, பத்து விரல்களையும் தொட்டுப் பார்த்தாள்.

"கீழ பயந்துட்டியாடி?"

"மொதல்ல பயந்தேன். அப்புறம் ஒருத்தர் வந்தாரு. சட்டை இல்லாம, தலையெல்லாம் மணலு. மேல கரி மணக்குதுன்னு சொல்லி அவருதான் கையப் புடிச்சுக் கூட்டியாந்தாரு."

"என்ன பேசினாரு?"

"ஒண்ணும் பேசல. நீ வச்சதத் தின்னுக்கிட்டே இருந்தாரு. நீ தகட்டுல போட்டதும் ஒண்ணு, ரெண்டுன்னு ஆரம்பிச்சிருவாரும்மா. அஞ்சு வரைக்கும்."

தட்டு காலியாக இருந்தது. சாய்பின் ஒரு ஈரல் துண்டைத் தகட்டில் போட்டாள். உதடு அசைய ஐந்து வரை எண்ணினாள். எடுத்துத் தட்டில் வைத்தாள்.

நீர்மட்டத் தகடு இன்றும் அந்த வாசலில்தான் இருக்கிறது. ஆறு இருபது சென்டிமீட்டருக்குக் கீழே போகும் நாட்களில் தோங்பை வந்து அதன்மேல் ஈரச் சாக்கைக் கட்டிவிட்டுப் போவார், அன்றைக்கு அவருக்கு பீர் இலவசம். தாங்மோவை யாரும் அளப்பதில்லை. அவள் இப்போது கல்லாவில் உட்கார்கிறாள், அம்மாவைவிட உயரம். பஸ் நிலையத்துக் கடை மூடிவிட்டது. கோயில் வளைவில் விலை இருநூற்று அறுபத்தொன்பது ஆகியிருக்கிறது. மலிவாகச் சாப்பிட வருகிறவர்கள் சாய்பின்னிடம்தான் வருகிறார்கள். பதினான்காம் மேசையைக் கேட்டால் மட்டும் கிடைக்காது. ஆறு பத்து மீட்டர் ஏறும் ஆகஸ்டிலும் அங்கே மாலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்றுகிறது, ஈரல் வைக்கிறார்கள், தட்டு காலியாகிறது. இரண்டு மணி நேரக் கெடு அந்த மேசைக்குக் கிடையாது, ஏனென்றால் உதோமுக்கு இன்னும் வயிறு நிறையவில்லை. அவனுக்குக் காசும் இல்லை. ஒரு மீட்டருக்குக் கீழே இலவசம்.